பேர் சொல்லக் கூச்சப்படுற பிள்ளைக்கு நாம செய்யக்கூடியது

இலங்கை மலையகத்துல ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை, அங்க மூணாம் வகுப்புல ஒரு பொம்பளப் பிள்ளை. எழுத்து முத்து முத்தா இருக்கும், கணக்கும் ஒழுங்கா செய்யும், ஆனா எழும்பி நின்னு பேரைச் சொல்லுன்னா ஒதடு மட்டும் அசையும், சத்தம் வராது. ஒருநாள் வெளிய இருந்து வந்த ஒரு மிஸ் அன்பாத்தான் கேட்டாங்க, மகள் எந்த ஊருன்னு. பிள்ளை டவுன் பேரைச் சொல்லிருச்சு, நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டவுன். தோட்டத்துப் பேரை அப்பிடியே விழுங்கிருச்சு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல, ஏன்னா நானும் அப்பிடித்தான் வளர்ந்தவ, ஏஎல் (உயர்தரம்) படிக்க டவுன் பாடசாலைக்குப் போன ரெண்டு வருசமும் நான் எந்த தோட்டம், எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு)னு ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்ல.

அதுக்குப் பொறகு தான் இந்த விசயத்தை நான் கொஞ்சம் மெனக்கெட்டு படிக்கவும் செஞ்சு பார்க்கவும் ஆரம்பிச்சேன். ஆரம்பப் பிரிவுல 14 வருசமா படிப்பிக்கிறேன், வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு, இதுல எழுதுறது எல்லாம் வகுப்புலயோ எங்க வீட்டு அடுப்படியிலயோ செஞ்சு பார்த்தது தான். அம்மா அப்பாமாருக்கு, பேரப்பிள்ளைய வளர்க்கிற அம்மாச்சி தாத்தாமாருக்கு, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மாதிரி எடங்கள்ல படிச்சு முடிச்சு புதுசா தோட்டப் பாடசாலைக்கு வந்திருக்கிற தங்கச்சி தம்பிமாருக்கு எல்லாம் சேர்த்து எழுதுறேன்.

மொதல்ல ஒரு வார்த்தையப் பத்தி சொல்லணும். தோட்டத்துல பேர்னா என்னன்னு நமக்குத் தெரியும், அன்னைய வேலைக்குப் போடுற நாள் கணக்கு. எடுத்த கொழுந்து கிலோ நெறஞ்சா முழுப்பேரு, முழுநாள் கூலி, கொறஞ்சா அரைப்பேரு. அம்மா சாயந்தரம் வந்து கூடைய எறக்கி வச்சுட்டு "இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க"ன்னு சலிச்சுக்கிறத பிள்ளை அடுப்புப் பக்கத்துல குந்தி இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு பையன் தவணைப் பரீட்சை பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு, 100க்கு 48, என்கிட்ட வந்து கேட்டான், "டீச்சர், எனக்கும் அரைப்பேரா?"ன்னு. எட்டு வயசுப் பிள்ளை. புள்ளி கொறஞ்சதும் தானே கொறஞ்சு போயிட்டதா அது நெனைக்குது பாருங்க, அந்த நெனைப்பை எடுக்கிறது தான் வேலையே, மத்ததெல்லாம் அதுக்கு வழி.

வழின்னு பார்த்தா, ஆல்பர்ட் பண்டூரான்னு ஒரு உளவியலாளர் 1977ல எழுதினது எனக்கு நல்லா ஒதவுச்சு. ஒருத்தருக்கு "என்னால முடியும்"ங்கிற நம்பிக்கை 4 எடத்துல இருந்து வருதுன்னு அவர் சொல்றார்: தானே ஒன்ன செஞ்சு முடிச்ச அனுபவம், தன்னை மாதிரி இன்னொருத்தர் செய்றத பார்க்கிறது, நம்புற ஆள் வாயால சொல்றது, அப்புறம் பதட்டத்துல தன் ஒடம்பு எப்பிடி இருக்குன்னு தானே புரிஞ்சுக்கிற விதம். இதுல ஆக பலமானது மொதலாவது. நாம எல்லாரும் மூணாவதை மட்டும் பிடிச்சுக்கிட்டு "உன்னால முடியும், பயப்படாத, தைரியமா இரு"ன்னு சொல்லிச் சொல்லி களைச்சுப் போறோம். பிள்ளை ஒன்னும் செய்யாம இருக்கும்போது சொல்ற அந்த வார்த்தை நிக்கிறதுக்கு எடமே இல்ல.

அதுக்கும் முன்னால ஒன்னு பார்த்துருங்க

பேசாத பிள்ளை எல்லாம் தைரியம் இல்லாத பிள்ளைன்னு முடிவு கட்டிராதீங்க. நான் ஒரு பையனை ஒரு தவணை முழுக்க கூச்ச சுபாவம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன், கேள்வி கேட்டா முழிப்பான், தலைய குனிஞ்சுக்குவான். அப்புறம் ஒருநாள் தற்செயலா முன் வரிசையில உக்கார வச்சப்ப தான் தெரிஞ்சுச்சு, பிள்ளைக்கு பின்னால இருந்து போர்டே தெரியல. கண்ணாடி போட்ட ரெண்டு வாரத்துல அவன் வேற பையன். அந்த ஒரு தவணைய நெனைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு அடிச்சுக்கும். அதுனால கண்ண சுருக்கிப் பார்க்குதா, கூப்பிட்டா ஒரு பக்கம் காதைத் திருப்புதா, காலையில தேத்தண்ணி மட்டும் குடிச்சுட்டு வருதா, ஏழரை மணி மணியடிக்க முன்னாடி ரெண்டு மூணு கிலோமீட்டர் ஏத்தம் எறக்கம் நடந்து வருதா, ராத்திரி ஒரே காம்பரால (லயத்து ரூம்ல) ஏழு பேர் படுத்து டிவி பத்தரை வரைக்கும் ஓடுதா, இதெல்லாம் மொதல்ல பார்க்கணும். எம்ஓஎச் ஆபிஸ்ல (சுகாதார வைத்திய அதிகாரி ஆபிஸ்ல) இருந்து பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது பிள்ளைய அன்னைக்கு லீவு போட வைக்காதீங்க, கண்ணு, காது, நெறை, ஒசரம் எல்லாம் பார்க்கிறது அன்னைக்குத்தான்.

சத்தம் வர வைக்கிறது, படிப்படியா

பேசாத பிள்ளைய நேரா காலைக் கூட்டத்துல மைக்குக்கு முன்னால நிப்பாட்டுறது பெரிய தப்பு. கூச்சம் போகட்டும்னு நல்ல எண்ணத்துல தான் செய்றோம், ஆனா பிள்ளை அங்க வாயடைச்சு நின்னு, மத்தப் பிள்ளைங்க சிரிச்சு, அழுதுக்கிட்டே எறங்கினா, அது அடுத்த அஞ்சு வருசத்துக்கு மறக்காது. நீச்சல் தெரியாத பிள்ளைய காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணில தள்ளி விடுவோமா?

நான் செய்றது இதுதான். மொதல் தவணையில ஒரு மாசம் பக்கத்துல இருக்கிற பிள்ளைகிட்ட மட்டும் சொல்லணும், காலையில வந்து உக்காந்ததும் மூணே விசயம்: என் பேர் இன்னது, நான் இன்ன தோட்டம் இன்ன டிவிஷன் (தோட்டத்துப் பிரிவு), நேத்து நான் செஞ்சது ஒன்னு. அவ்வளவுதான். நேத்து செஞ்சதுன்னா பெருசா ஒன்னும் வேணாம், தம்பிக்கு சப்பாத்து கட்டி விட்டேன், கோழிக்கு தீனி போட்டேன், ஆறாம் வாய்ப்பாடு பாதி பாடமாக்கினேன், எதுவும் ஓகே. அடுத்த மாசம் நாலு பேர் வட்டமா உக்காந்து சொல்றது. அதுக்கடுத்து தன் எடத்துலயே எழும்பி நின்னு வகுப்புக்கே சொல்றது, கையில ஒரு சாமான வச்சுக்கிட்டு, ஒரு இலை, ஒரு கொப்பி, வீட்டுல இருந்து கொண்டு வந்த ஏதாவது, ஏன்னா கையில ஏதாவது இருந்தா பிள்ளைக்கு பார்வைய எங்க வைக்கிறதுங்கிற கஷ்டம் இல்ல. ரெண்டாம் தவணை கடைசில தான் முன்னால வர்றது. மூணாம் தவணையில காலைக் கூட்டம், அதுவும் ரெண்டு பேர் ஜோடியா.

ஒரு படியில தடுமாறினா முந்தின படிக்கு எறங்கிக்கலாம், அதுல வெட்கப்பட ஒன்னும் இல்லன்னு பிள்ளைக்கும் சொல்லிருங்க. வேற ஒன்னு, அது முணுமுணுத்தா "சத்தமா! சத்தமா!"ன்னு கத்தாதீங்க. நாம கிட்டப் போய் குனிஞ்சு கேட்டுட்டு, "வாழைமரத்துக்கு மருந்து அடிச்சீங்களா தாத்தாவோட? அப்பிடியா!"ன்னு நாமளே சத்தமா திருப்பிச் சொன்னா போதும், தன் வார்த்தை வகுப்பு முழுக்க கேட்குறத பிள்ளை பார்க்குது. அடுத்த தடவை கொஞ்சம் கூட சத்தம் வரும்.

தோட்டத்துப் பேரைச் சொல்ல வைக்கிறதுல நான் பிடிவாதமா இருக்கிறேன். ஊரை மறைக்கிற பிள்ளை அதோட சேர்த்து அம்மாவை மறைக்குது, கூடையை மறைக்குது, வீட்டுப் பேச்சை மறைக்குது, கடைசில வாயத் தொறந்தா ஏதாவது வெளிய வந்துருமோன்னு பேசவே மாட்டேங்குது. எனக்குத் தெரியும், நான் அந்த ரெண்டு வருசமும் வகுப்புல ஒரு கேள்வி கூட கேட்கல.

அதுனால மூணாம் வகுப்புல சுற்றாடல் பாடத்தோட சேர்த்து நான் இந்தக் கதைய சொல்லிருவேன். 1867ல லூல்கந்துரயில ஜேம்ஸ் டெய்லர்னு ஒரு துரை தேயிலை போட்டார்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும், அந்த மலைய வெட்டி, கல்லு பெறக்கி, கன்னு நட்டது யாருன்னு நாம தான் சொல்லணும். அதுக்கு முன்னாடி கோப்பிக் காலத்துலயே நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து தலைமன்னார் பக்கம் வந்து எறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே வந்தாங்க, வழியில எத்தனையோ பேர் செத்துப் போனாங்க, மிஞ்சினவங்களோட பேரப்பிள்ளைங்களோட பேரப்பிள்ளைங்க தான் நீங்கன்னு சொன்னா வகுப்பே அமைதியாயிரும். 2023ல நம்ம ஆளுங்க வந்து 200 வருசம் ஆனதுக்கு நெறைய பேர் அதே பாதையில தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க இல்லியா, அந்த படங்களைக் காட்டுவேன். டவுன்ல யாராவது எளக்காரமா "தோட்டக்காட்டான்"னு சொன்னா என்ன சொல்றதுன்னு ஒரு பையன் கேட்டான். "ஆமா நான் தோட்டத்துப் பிள்ளை, இன்ன தோட்டம், இன்ன டிவிஷன்"னு தலைய நிமித்தி சொல்லிட்டு நடந்து போயிரு, நின்னு சண்டை பிடிக்காத, வந்து வீட்டுலயும் என்கிட்டயும் சொல்லுன்னேன். அதை ரெண்டு ரெண்டு பேரா நடிச்சும் பார்த்தோம், ஏன்னா நடிச்சுப் பார்க்காத பதில் தேவைப்படுற நேரத்துல வாய்க்கு வராது.

கெட்டிக்காரன்னு சொல்றதைக் கொறைச்சுக்குங்க

இது நெறைய பேருக்கு பிடிக்காது, எங்க அம்மாவுக்கே பிடிக்கல. ஆனா கேளுங்க. 1998ல கிளாடியா முல்லர், கரோல் டுவெக்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்கள வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி புதிர் குடுத்தாங்க, முடிச்சதும் சில பிள்ளைங்களுக்கு நீ கெட்டிக்காரப் பிள்ளைன்னு சொன்னாங்க, சில பிள்ளைங்களுக்கு நல்லா முயற்சி செஞ்சிருக்கன்னு சொன்னாங்க. அப்புறம் வேணும்னே கஷ்டமான புதிர் குடுத்து எல்லாரையும் தடுமாற வச்சு, மறுபடி மொத குடுத்த மாதிரியே லேசான புதிர் குடுத்தா, கெட்டிக்காரன்னு கேட்ட பிள்ளைங்க மொத செஞ்சதை விட கொறைவா செஞ்சிருக்காங்க, முயற்சியைப் பத்திக் கேட்ட பிள்ளைங்க கூடுதலா செஞ்சிருக்காங்க. இன்னும் ஒன்னு, உன் புள்ளிய எழுதுன்னு சொன்னப்ப கெட்டிக்காரன்னு கேட்ட பிள்ளைங்கள்ல நெறைய பேர் பொய்யா கூட்டி எழுதியிருக்காங்க. கெட்டிக்காரன்ங்கிற பட்டத்தை காப்பாத்தணுமே, பாவம்.

இதுக்குன்னு தனியா "மனசை மாத்துற" பாடம் நடத்தினா மட்டும் கெடைக்கிற பலன் சின்னதுதான்னு பின்னால வந்த ஆய்வுகள் காட்டுது, அதையும் சேர்த்து சொல்லிர்றேன், மந்திரம் மாதிரி எடுத்துக்க வேணாம். ஆனா பாராட்டுற விதத்தை மாத்துறது காசு செலவில்லாத வேலை. நான் செய்றது என்னன்னா, கண்ணால பார்த்ததை அப்பிடியே சொல்றது. "அழிச்சு அழிச்சு மூணு தடவை எழுதியிருக்கீங்க, இந்த மூணாவது ழ தான் வடிவா வந்திருக்கு." "உனக்குத் தெரியலன்னதும் பக்கத்துல கேட்டியே, அது நல்ல வேலை." "மழையில கொப்பி நனையாம பொலித்தீன்ல சுத்திக் கொண்டு வந்திருக்கீங்க." இப்பிடிச் சொன்னா பிள்ளைக்கு தான் என்ன செஞ்சோம்னு தெரியுது, நாளைக்கும் அதையே செய்யலாம். கெட்டிக்காரன்னு சொன்னா நாளைக்கு என்னத்தை செய்றது?

பொய்யா பாராட்டாதீங்க, பிள்ளைங்களுக்கு ஒடனே தெரிஞ்சுரும்.

வராதுன்னு சொல்ற பிள்ளைகிட்ட

நல்லதா நெனைன்னு சொன்னா பிள்ளைக்கு ஒன்னும் விளங்காது. வீட்டுல கூரைத் தகரம் ஒழுகுது, அப்பாவுக்கு வேலை இல்ல, அப்ப எல்லாம் நல்லா இருக்குன்னு நெனைக்கச் சொல்றது பிள்ளைய பொய் சொல்லப் பழக்குறது மாதிரி. நான் நல்ல நெனைப்புன்னு சொல்றது, கஷ்டத்தை கஷ்டம்னே சொல்லிட்டு, அடுத்து செய்யக்கூடியது ஒன்ன தேடுற பழக்கத்தை. அதுக்கு ஒரு சின்ன வார்த்தை போதும்: "இன்னும்". எனக்கு கழித்தல் வராதுன்னா, "இன்னும் வரல. சரி, எது வரைக்கும் வருது காட்டு பார்ப்போம்". இந்த ரெண்டாவது பாதி தான் முக்கியம், அதை விட்டுட்டு இன்னும் வரலன்னு மட்டும் சொன்னா அது சும்மா ஆறுதல். காட்டச் சொன்னா தெரியும், 58ல 23 போகுது, 52ல 28 தான் போகல, அதாவது பக்கத்துல கடன் வாங்குறது மட்டும் தான் சிக்கல். கணக்கே வராதுன்னு அழுத பிள்ளைக்கு இப்ப வராதது ஒரே ஒரு விசயம், அது தேங்காய்ச் செரட்டையும் புளியங்கொட்டையும் வச்சு மூணு நாள்ல சரி செய்யக்கூடிய விசயம். பத்து பத்தா செரட்டைல போட்டு, ஒரு செரட்டைய கொட்டி சில்லறையாக்குறது தான் கடன் வாங்குறது, கையால கொட்டிப் பார்த்த பிள்ளைக்கு மறக்காது.

கவ்வாத்து வெட்டின, அதான் தேயிலைச் செடியோட கெளையெல்லாம் வெட்டி விட்ட மலைய பிள்ளைங்க எல்லாம் பார்த்திருக்கு. வெட்டின அன்னைக்கு செடி வெறும் குச்சி, செத்த மாதிரி நிக்கும். ரெண்டு மூணு மாசத்துல தளிர் வந்துரும். தவணைப் பரீட்சை பேப்பர் குடுக்கிற அன்னைக்கு நான் இதை ஞாபகப்படுத்துவேன், வழியில கவ்வாத்து மலை இருந்தா நடந்து கூட்டிட்டுப் போய் காட்டியும் இருக்கேன், ஒவ்வொரு மாசமும் அதே செடிய வந்து பார்த்து படம் வரைஞ்சோம்.

நாம தப்பு விடுறதையும் பிள்ளைங்க பார்க்கணும். போர்டுல நான் தப்பா எழுதிட்டா மறைச்சு அழிக்க மாட்டேன், "ஐயோ டீச்சர் இந்த எடத்துல பிழை விட்டுட்டேன், யாரு கண்டுபிடிச்சது? எப்பிடி திருத்துறது?"ன்னு கேட்பேன். வீட்டுல அம்மாவும் சொல்லலாம், இன்னைக்கு ரொட்டி கருகிருச்சு, அடுப்பு கூட எரிஞ்சுருச்சு, நாளைக்கு வெறகை கொறைக்கிறேன்னு. இவ்வளவுதான், ஆனா பிள்ளை அதைக் கேட்டு வளருது.

வீட்டுல ஒரு பொறுப்பு

ஆறு வயசுல இருந்தே பிள்ளைக்கு தன்னோடதுன்னு ஒரு வேலை வேணும். பெரிய ஆளு செய்ற பாரமான வேலைய சொல்லல, தண்ணி சொமக்க விடுறதையும் படிப்பைக் கெடுத்து தம்பி தங்கச்சிய பார்க்க விடுறதையும் சொல்லல. நேரசூசிய பார்த்து ராத்திரியே பேக்ல கொப்பி அடுக்குறது, சப்பாத்துக்கு வெள்ளை பூசுறது, பென்சில் சீவி வைக்கிறது, வாசல்ல மல்லிச் செடிக்கு தண்ணி ஊத்துறது. ஒரு கொப்பிய மறந்துட்டு போனா போகட்டும், ஓடிப் போய் பாடசாலை கேட்ல குடுக்காதீங்க. மறந்தது அதுக்கே தெரிஞ்சு மறுநாள் சரியா அடுக்கினா அந்த வேலை முழுக்க அதோடது. நாம அவசரத்துல ஊட்டி விட்டு, பொத்தான் போட்டு விட்டு, பேக் அடுக்கி விட்டு அனுப்புறோம், காலையில அஞ்சரைக்கு பிரட்டுக்கு, அதான் அன்னைய வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துக்கு, ஓடணும், வேற வழி இல்லன்னு எனக்கும் தெரியும், அதுக்குத்தான் ராத்திரில செய்யச் சொல்றேன்.

இன்னொரு நல்ல வேலை, கடையில சிங்களத்துல ஒரு சாமான் கேட்டு வாங்குறது. டவுனுக்குப் போகும்போது பெரியவங்களே வாய் தொறக்க பயப்படுறத பிள்ளை பார்க்குது. வீட்டுல ரெண்டு மூணு தடவை பழக்கிட்டு, "கீயத?"ன்னு வெலை கேட்டு ஒரு பென்சில் வாங்கிட்டு வரச் சொல்லுங்க, நாம கடை வாசல்ல நின்னா போதும். சில்லறையோட வெளிய வரும்போது அந்த மொகத்தைப் பாருங்க. எங்க சின்னவன் அன்னைக்கு பஸ்ல வீடு வர்ற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு வந்தான்.

வயித்த வலிக்குதுன்னா

பேச்சுப் போட்டி அன்னைக்கு வயித்த வலி, பரீட்சை அன்னைக்கு வாந்தி வர்ற மாதிரி, கை சில்லுனு ஆகுறது, இதெல்லாம் நடிப்பு இல்ல. பயத்துல ஒடம்பு அப்பிடித்தான் செய்யும், மூச்சு மேல மேல வாங்கும், வயிறு பெசையும். பிள்ளைகிட்ட அதைச் சொல்லிருங்க, "ஒடம்பு ஓடுறதுக்கு ரெடியாகுது, ஒன்னும் ஆகாது, கொஞ்ச நேரத்துல அடங்கிரும், டீச்சருக்கும் அப்பிடித்தான் ஆகும்"னு. நம்ம பக்கம் காலைக் குளிர்ல வாயைத் தொறந்தா பொகை வரும்ல, அதை வச்சே மூச்சுப் பயிற்சி பழக்கலாம். மூக்கால இழுத்து, பொகை எவ்வளவு நீளமா எவ்வளவு மெதுவா போகுதுன்னு பார்த்து விடணும், அஞ்சு தடவை. பிள்ளைங்க போட்டி போட்டுக்கிட்டு மெதுவா விடும். வெளிய விடுற மூச்சு நீளமானா நெஞ்சு படபடப்பு கொறையும், அதுக்குத்தான் இந்த வெளையாட்டு. வெயில் நாள்ல கைய வாய்க்கு முன்னால பிடிச்சுக்கிட்டு சூடு தெரியுதான்னு பார்க்கலாம்.

யாரைக் காட்டுறது

பண்டூரா சொன்ன ரெண்டாவது வழி. தன்னை மாதிரி ஒருத்தர்ங்கிறது தான் இதுல விசயம். கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனை நான் சொல்றதுண்டு, கண்டிக்காரர், தாத்தா தேயிலைத் தோட்டத்து வேலைக்கு இந்தியாவுல இருந்து வந்தவர், 1995ல மெல்பர்ன்ல பந்தை எறியிறார்னு நோபோல் நோபோல்னு குடுத்தப்ப ஒலகமே பார்த்துக்கிட்டு இருந்துச்சு, 2010ல காலில 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோட முடிச்சார். பையன்களுக்கு கண்ணு விரியும். ஆனா அவங்க மனசுல அவர் ரொம்ப தூரத்துல இருக்கிறவர், டிவில இருக்கிறவர். அதை விட பலம், அதே டிவிஷன்ல மேல் லயத்துல இருந்து நர்சிங் படிக்கப் போன அக்கா லீவுக்கு வந்திருக்கும்போது அரை மணித்தியாலம் வகுப்புக்கு வர்றது. அப்பிடி வந்த ஒரு அக்காகிட்ட நான் ஒன்னே ஒன்னு தான் கேட்டுக்கிட்டேன், நீ பாஸ் ஆனத சொல்லாத, நீ எந்த பாடத்துல கஷ்டப்பட்ட, அப்ப என்ன செஞ்சன்னு சொல்லு. அவ ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) கணக்குல மொத தடவை ஃபெயில்னு சொன்னதும் பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

ஸ்கொலசிப் வருசம்

நாலாம் வகுப்பு முடியும்போதே வீட்டுல காத்து மாறிரும். அஞ்சாம் வகுப்பு புலமைப்பரிசில் பரீட்சை, 200 புள்ளி, பத்து வயசுப் பிள்ளைக்கு. காலையில கிளாஸ், சனி ஞாயிறு கிளாஸ், மாடல் பேப்பர், பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை எடுத்துச்சுங்கிற கேள்வி. பரீட்சைக்கு நான் எதிரி இல்ல, வசதி கொறைஞ்ச பிள்ளைக்கு உதவிப்பணமும் பெரிய பாடசாலைல எடமும் கெடைக்க அது ஒரு கதவு, நம்ம பிள்ளைங்க அதுல நொழைஞ்சு டாக்டரா எஞ்சினியரா வந்திருக்காங்க. ஆனா வெட்டுப்புள்ளிங்கிறது மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறுற ஒரு எண், எத்தனை பிள்ளைக்கு உதவிப்பணம் குடுக்கலாம்ங்கிறதை வச்சு போடுற கோடு. அந்தக் கோட்டுக்கு ரெண்டு புள்ளி கீழ நிக்கிற பிள்ளை அதுனால மக்கு ஆகிராது. இதை பிள்ளைக்கு ரிசல்ட் வந்த பொறகு சொன்னா ஆறுதலா தான் கேட்கும், அஞ்சாம் வகுப்பு ஆரம்பத்துலயே சொல்லிருங்க.

ரிசல்ட் வர்ற அன்னைக்கு போன்ல பார்க்க முன்னாடி பிள்ளைய பக்கத்துல இருத்திக்கிட்டு, "எத்தனை வந்தாலும் ராத்திரிக்கு நீ கேட்ட ரொட்டியும் கோழிக்கறியும் தான்"னு சொல்லிட்டுப் பாருங்க. கொறைஞ்சிருந்தா அன்னைக்கு ஒன்னும் பேச வேணாம், அழுதா அழட்டும், கூட இருந்தா போதும். சொந்தக்காரங்க போன் பண்ணி எத்தனைன்னு கேட்டா பிள்ளைகிட்ட போனைக் குடுக்காதீங்க. ஃபேஸ்புக்ல புள்ளியோட படம் போடுறதுல பாஸான பிள்ளைக்கு வர்ற சந்தோசத்தை விட மத்தப் பிள்ளைங்களுக்கு வர்ற வலி கூடன்னு நான் நெனைக்கிறேன், எங்க பெரியவ பாஸானப்ப நாங்க போடல.

தூரத்துல இருக்கிற அம்மா அப்பாவுக்கு

குவைத்துல, சவூதில, கொழும்புல கடையில, வீடுகள்ல வேலைக்குப் போன அம்மா அப்பாமாரோட பிள்ளைங்க என் வகுப்புல எப்பவும் நாலஞ்சு பேர் இருக்கும். கோல் எடுத்ததும் படிக்கிறியா, எத்தனை மார்க்ஸ், அம்மாச்சி சொல்றத கேட்கிறியான்னு தான் கேட்கிறோம், நேரம் கொறைவு, மனசுல இருக்கிற பயம் எல்லாம் கேள்வியா வருது, புரியுது. ஆனா பிள்ளைக்கு அது பரீட்சை மாதிரி ஆயிருது, போனைக் கண்டா ஓடிருது. மார்க்ஸை கடைசில வச்சுக்குங்க. மொதல்ல "இன்னைக்கு வகுப்புல யாரு பக்கத்துல உக்காந்த, என்ன வெளையாடின"ன்னு கேளுங்க, அப்புறம் உங்க நாளைப் பத்தி ஒன்னு சொல்லுங்க, அங்க என்ன சமைச்சீங்க, எது புதுசா கத்துக்கிட்டீங்க, எதுல கஷ்டப்பட்டீங்க. பேச நேரம் இல்லன்னா வாட்ஸப்ல ஒரு நிமிசம் வாய்ஸ் அனுப்புங்க, பிள்ளை அதை பத்து தடவை கேட்கும். ஒரு பிள்ளை தன் அம்மாவோட வாய்ஸை அம்மாச்சி போன்ல வச்சு கேட்டுக்கிட்டே தூங்குதுன்னு அந்த அம்மாச்சி என்கிட்ட சொல்லும்போது ரெண்டு பேரும் அழுதுட்டோம்.

அம்மாச்சி தாத்தாமாருக்கு எழுத்து வாசிக்க வரலன்னா கவலையே வேணாம். கொப்பிய பிள்ளை கையில குடுத்து, "எனக்கு இதை படிச்சுக் காட்டு, என்ன எழுதியிருக்குன்னு சொல்லிக் குடு"ன்னு கேளுங்க. சொல்லிக் குடுக்கிற பிள்ளைக்கு பாடமும் பதியும், குரலும் வரும்.

அடி, பட்டப்பேர்

அடிக்கிறதை விட்டுருவோம். பாடசாலைல அடிக்கக் கூடாதுன்னு கல்வி அமைச்சோட சுற்றறிக்கையே இருக்கு. அடி வாங்கின பிள்ளை அமைதியா இருக்கும், அதை ஒழுக்கம்னு நெனைச்சுராதீங்க, அது பயந்து போயிருக்கு. கறுப்பன், குண்டு, மக்கு, ஊமைன்னு வீட்டுல செல்லமா வைக்கிற பட்டப்பேரும் வேணாம், நான் சொன்ன அந்த மூணாம் வகுப்புப் பிள்ளைய வீட்டுல "ஊமச்சி"ன்னு தான் கூப்பிட்டிருக்காங்க, பாசமாத்தான். அந்த அம்மாவைக் கூப்பிட்டு மெதுவா சொன்னேன், அன்னையில இருந்து அந்த வீட்டுல பிள்ளைக்கு வச்ச பேர சொல்லித்தான் கூப்பிடுறாங்க.

திடீர்னு பேச்சு நின்னு போன பிள்ளை, சிரிச்சுக்கிட்டு இருந்துட்டு ஒரு மாசமா ஒடுங்கிப் போன பிள்ளை, ஒரு ஆளைக் கண்டா ஒளியிற பிள்ளை, ராத்திரி படுக்கையை நனைக்க ஆரம்பிச்ச பிள்ளை, இதுக்கெல்லாம் மேல சொன்ன பயிற்சி பத்தாது. என்ன நடந்துச்சுன்னு தனியா, அதட்டாம கேட்கணும். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்றாங்கன்னு சந்தேகம் வந்தாலே 1929க்கு கோல் எடுக்கலாம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

திங்கக்கிழமை ஆரம்பிக்கிறதா இருந்தா காலையில பத்து நிமிசம் ஒதுக்குங்க, வீடுன்னா ராத்திரி சாப்பிடும்போது அஞ்சு நிமிசம். பேர், தோட்டம், இன்னைக்கு நான் செஞ்சது ஒன்னு. மொதல்ல பெரியவங்க நாம சொல்லணும், அம்மாவும் சொல்லணும்: "என் பேர் இன்னது, நான் இந்த தோட்டம், இன்னைக்கு ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்தேன், அட்டை கடிச்சுச்சு, ஆனாலும் கிலோ நெறஞ்சுச்சு." கிலோ நெறையாத அன்னைக்கும் அதே மாதிரி சொல்லுங்க. மொத வாரம் பிள்ளை சிரிச்சுக்கிட்டே ஒளியும், சொல்ல மாட்டேங்கும், வற்புறுத்தாம அடுத்த ஆளு சொல்லிட்டு சாப்பாட்டைப் போடுங்க. ரெண்டாவது வாரமோ மூணாவது வாரமோ ஒருநாள் நாம மறந்துருவோம், அன்னைக்கு பிள்ளையே கேட்கும், "இன்னைக்கு பேர் சொல்லலியா?"ன்னு.